கைபேசியில் மோட்டார் போடும் கருவி: வெளியீடு வரை வாராந்திர நிலவரம்

கிணற்றடி | முதல் வாரம்

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கத்தில் நானும் கல்லூரித் தோழர் ஒருவரும் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் தொடங்கியிருக்கிறோம். தோட்டத்து மோட்டாரைக் கைபேசியிலிருந்து போடவும் நிறுத்தவும் உதவும் கருவி. ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே பொருத்திக்கொள்ளலாம். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. இப்படிப்பட்ட கருவிகள் கடைகளில் பல வருடங்களாகவே இருக்கின்றன. நாங்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் எங்கள் ஊரில் அவற்றை வாங்கிய பலர் சில மாதங்களில் வயரைக் கழற்றிவிட்டுப் பழையபடி பச்சைப் பொத்தானை அழுத்தப் போகிறார்கள். ஏன் என்று பார்க்கப் போனதில்தான் இந்த வேலை தொடங்கியது.

ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் வேளாண் கண்காட்சியில் வெளியிடுவது திட்டம். அதுவரை ஞாயிறுதோறும் இங்கே எழுதுகிறேன்.

இப்போதைய நிலை: கையால் பற்றவைத்த பத்துக் கருவிகள் பத்துத் தோட்டங்களில் ஓடுகின்றன. உறவினர்கள் பாதி, தெரிந்தவர்கள் பாதி. இரண்டாம் பதிப்புச் சர்க்யூட் பலகை அச்சுக்குப் போயிருக்கிறது. மின்னணுக் கருவிகளுக்கான ஒன்பதாம் பிரிவில் வணிகச் சின்னத்துக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு கையில் இருந்ததால் 9,000 ரூபாய்க்குப் பதில் 4,500 ரூபாயில் முடிந்தது.

உங்களிடம் கேட்க விரும்புவது ஒன்றுதான். புதிய நிறுவனங்களில் முதலீடு செய்யும் ஒய் காம்பினேட்டர் போன்ற இடங்களில் வாரத்துக்கு 5 முதல் 7 சதவீத வளர்ச்சி நல்லது, 10 சதவீதம் மிகச் சிறப்பு என்பார்கள். விற்பனையே தொடங்காத நாங்கள் எதனுடைய சதவீதத்தைப் பார்ப்பது? வாரா வாரம் ஒரே ஒரு எண்ணைத்தான் சுவரில் எழுதி வைக்கலாம் என்றால் எதை எழுதுவீர்கள்?

எம்பெடெட்_சென்னை

அனுப்பிய கட்டளைகளில் எத்தனை நிறைவேறின என்பதை எழுதுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே இருந்தால் கண்காட்சியை மறந்துவிடலாம். கருவியில் சிம் போடும் பகுதி 2ஜி மாட்யூலா, 4ஜி மாட்யூலா? விலை குறைவு என்று 2ஜி போட்டிருந்தால் ஜியோ சிம் வேலை செய்யாது. அவர்கள் 2016இல் தொடங்கியதே 4ஜியில்தான். கிராமத்தில் எந்தக் கோபுரம் அருகில் இருக்கிறதோ அந்த சிம்மைத்தான் விவசாயி போடுவார்.

வரவு_செலவு

காசு கொடுத்தவர் எத்தனை பேர்? அதை எழுதுங்கள். மாமா தோட்டத்தில் மாட்டியது கணக்கில் வராது. இலவசமாகக் கொடுத்த பொருளை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியதோ குறைதான்.

பேனல்_மேஸ்திரி

பல்லடத்தில் முப்பது வருடமாகப் பேனல் கட்டுகிறேன். எண், சதவீதம் எல்லாம் இருக்கட்டும். தம்பி, கருவிக்குக் கரண்ட் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? பாதித் தோட்டங்களில் நியூட்ரல் வயரே வராது. 230 வோல்ட் அடாப்டரை வைத்துக்கொண்டு நியூட்ரலுக்குப் பதில் எர்த்தில் ஒரு வயரைக் கொடுத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் இந்த இழையைப் படிப்பதை நிறுத்திக்கொள்கிறேன்.

கிணற்றடி

அண்ணா, படிப்பதை நிறுத்த வேண்டாம். மூன்று பேஸிலிருந்தும் எடுத்து, நேர் மின்னோட்டமாக மாற்றி, அதிலிருந்து பவர் சப்ளை ஓடுகிறது. நியூட்ரல் தேவையில்லை. ஒரு பேஸ் போனாலும் மற்ற இரண்டில் கருவி உயிரோடு இருந்து, எந்தப் பேஸ் போயிற்று என்று செய்தி அனுப்பும். கடைக்கோடித் தோட்டங்களில் வோல்டேஜ் 300க்கு இறங்கும் என்பதால் கீழ் எல்லையையும் தாராளமாக வைத்திருக்கிறோம்.

4ஜி மாட்யூல்தான். வரவு_செலவு கேட்ட கேள்விக்கு விடை: பூஜ்யம்.

---

கிணற்றடி | இரண்டாம் வாரம்

இந்த வாரம் முழுவதும் சூடும் எறும்பும்தான்.

தகரப் பெட்டி, தெற்கு பார்த்த சுவர், மே மாத வெயில். ஒரு தோட்டத்தில் பெட்டிக்குள் அறுபது டிகிரியைத் தாண்டியது. மின்சாரம் போனதும் கடைசியாக ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்பதற்காகச் சிறிய லித்தியம் பேட்டரி வைத்திருந்தோம்; அந்தச் சூட்டில் ஒன்று உப்பிவிட்டது. உருவிவிட்டு சூப்பர் கெப்பாசிட்டருக்கு மாறுகிறோம். அது ஒரு செய்திக்குப் போதும், பேட்டரியைவிடச் சூடு தாங்கும். விலை கொஞ்சம் கூடும்.

இன்னொரு தோட்டத்தில் கருவி கட்டளையை ஏற்கிறது, அதன் சுவிட்சான ரிலே சொடுக்குகிறது, மோட்டார் ஓடவில்லை. திறந்து பார்த்தால், ஸ்டார்ட்டரில் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காண்டாக்டரின் முனைகளுக்கு நடுவே எறும்புக் கூட்டம் நசுங்கிக் கிடக்கிறது. எங்கள் கருவியில் பழுது இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் வாங்கியவர் அப்படிப் பிரித்துப் பார்க்க மாட்டார். கைபேசியில் போட்டேன், ஓடவில்லை; அவருக்கு அவ்வளவுதான். ஆகவே ரிலே சொடுக்கிய பிறகு மோட்டார் மின்னோட்டம் உண்மையில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் இனி "ஓடுகிறது" என்று சொல்லும். ஏறவில்லை என்றால் "ஸ்டார்ட்டர் பெட்டியைப் பாருங்கள்" என்று வரும்.

பேனல்_மேஸ்திரி

எறும்பு மட்டுமா, பல்லியும்தான். இரண்டு பேஸுக்கு நடுவில் பல்லி மாட்டிக் கருகிய பேனல்கள் என்னிடம் வருடத்துக்குப் பல வரும். வயர் நுழையும் ஓட்டைகளை, வயரை இறுக்கிப் பிடிக்கும் மூடியான கிளாண்டு போட்டு அடையுங்கள். கருவியோடு நான்கு கிளாண்டுகளைச் சேர்த்தே விற்றால் உங்களுக்குச் சில ரூபாய்தான் செலவு. வயர்மேன் கையில் இருந்தால்தான் போடுவான், கடைக்குப் போய் வாங்கி வந்து போட மாட்டான்.

எம்பெடெட்_சென்னை

தண்ணீர் இல்லாமல் ஓடுவதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? ஆம்பியரை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். 5 எச்பி மோட்டார் முழுச் சுமையில் ஏழு ஆம்பியர் சொச்சம் எடுக்கும். சுமையே இல்லாவிட்டாலும் இண்டக்ஷன் மோட்டார் அதில் பாதி வரை எடுத்துக்கொண்டுதான் இருக்கும், காந்தப் புலத்துக்காக. வோல்டேஜ் ஏறி இறங்கும் இடத்தில் எல்லைக்கோடு எங்கே என்று தெரியாது. வோல்டேஜையும் சேர்த்து அளந்து வாட்ஸைக் கணக்கிடுங்கள்; தண்ணீர் அற்றுப்போனதும் பவர் ஃபேக்டர், அதாவது எடுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு, சரியும்; வாட்ஸ் தெளிவாக விழும்.

கிணற்றடி

கூட்டாளி இதைப் படித்துவிட்டு நேற்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. இரண்டாம் பதிப்புப் பலகையில் வோல்டேஜ் அளவீடு ஏற்கெனவே இருக்கிறது. கணக்கை மட்டும் மாற்றினால் போதும்.

---

கிணற்றடி | மூன்றாம் வாரம்

முதன்முறையாக அறிமுகமில்லாத ஒருவர் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். உடுமலைக்காரர், தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவரும் இந்த இழைக்கு வருவதாகச் சொன்னார்.

விற்பனைப் பேச்சில் ஒன்று தெளிவாயிற்று. மற்ற மாநிலக் கருவிகளின் விளம்பரங்களில் "மின்கட்டணம் மிச்சம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். இங்கே அதைச் சொன்னால் சிரிப்பார்கள். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மிச்சப்படுத்திக் காட்ட கட்டணமே இல்லை. இங்கே செலவு என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளில்தான், காயில் என்பார்களே அதில். ஒரு முறை காயில் கருகினால் ரீவைண்டிங் கூலி, போர்வெல்லிலிருந்து குழாய் குழாயாக மோட்டாரை மேலே ஏற்றும் கூலி, திரும்ப இறக்கும் கூலி, நடுவில் காய்ந்து நிற்கும் பயிர். அடுத்தது ராத்திரி நடை: கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் போக வேண்டும், பாம்புக்குப் பயந்துகொண்டு. எங்கள் துண்டுப் பிரசுரத்தில் இந்த இரண்டும்தான் இனி இருக்கும்.

ஒரு சிக்கலும் இருக்கிறது. உடுமலைத் தோட்டத்தில் கருவி மாட்டிய அன்றே "உங்கள் பெட்டி மோட்டாரை ஓட விடுவதில்லை" என்று அழைப்பு வந்தது. அங்கே மூன்றில் இரண்டு பேஸ் மட்டும் வரும்போதும், இல்லாத பேஸுக்குப் பதில் கெப்பாசிட்டர் வைத்து டூ பேஸில் ஓட்டுகிறார்கள்.

தென்னந்தோப்பு

நான்தான் அந்த உடுமலைக்காரன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறோம். மூன்று பேஸும் வரும்வரை காத்திருந்தால் குலை காய்ந்துவிடும். டூ பேஸில் தண்ணீர் குறைவாகத்தான் வரும், ஆனாலும் வரும். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று மோட்டாரையே நிறுத்தி வைக்கும் பெட்டி எனக்கு எதற்கு?

எம்பெடெட்_சென்னை

தயவுசெய்து இதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரு பேஸ் இல்லாமல் ஓடும் மோட்டாரை நிறுத்துவதுதான் இந்தக் கருவியின் முதல் கடமை. கெப்பாசிட்டர் அளவு சற்றுத் தவறினால் ஒரு காயிலில் மட்டும் மின்னோட்டம் ஏறிக் கருகும். நாளைக்குக் கருகினால் உங்கள் பெயரைத்தான் சொல்வார்கள்.

பேனல்_மேஸ்திரி

சென்னைத் தம்பி சொல்வது புத்தகப்படி சரி. தோட்டத்தில் நடப்பது வேறு. நீங்கள் டூ பேஸை மறுத்தால் வயர்மேன் உங்கள் ரிலேயைச் சுற்றி ஒரு வயரை இழுத்துவிட்டுப் போவான். அதன் பிறகு கருவி பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டு சும்மா இருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் நிறுத்தாது. நான் கட்டும் பேனல்களில் டூ பேஸ், த்ரீ பேஸ் இரண்டுக்கும் தனித்தனி ஓவர்லோடு வைக்கிறேன், ஆம்பியர் மிஞ்சினால் நிறுத்துவதற்கு. அதையே மென்பொருளில் செய்யுங்கள். மின்வாரியத்துக்குப் பிடிக்காத ஏற்பாடு என்பது எனக்கும் தெரியும். ஆனால் நடப்பதை இல்லை என்று நினைத்துக்கொண்டு கருவி செய்ய முடியாது.

எம்பெடெட்_சென்னை

வெளியே தெரியாமல் வயர் இழுப்பார்கள் என்பதால் நாமே அனுமதிப்பதா? இந்தத் தர்க்கம் எங்கே போய் முடியும்?

பேனல்_மேஸ்திரி

ரீவைண்டிங் கடையில் போய் முடியும். எப்படியும் அங்கேதான் போகும். கொஞ்சம் தாமதமாகப் போகட்டும் என்கிறேன்.

கிணற்றடி

இரண்டு பேரும் சொன்னதை வைத்து இப்படி முடிவு செய்திருக்கிறோம். கடையிலிருந்து வெளிவரும்போது டூ பேஸில் ஓட்டும் வசதி மூடியிருக்கும். பொருத்தும் வயர்மேன் கெப்பாசிட்டர் பேனல் இருப்பதைப் பார்த்த பிறகு, பெட்டிக்குள் இருக்கும் ஒரு சுவிட்சை மாற்றினால்தான் திறக்கும்; கைபேசியிலிருந்து திறக்க முடியாது. டூ பேஸில் ஓடும்போது எந்த வயரிலாவது ஆம்பியர் எல்லை தாண்டினால் சில நொடிகளில் நிறுத்திவிடும். எம்பெடெட்_சென்னைக்கு இது முழுத் திருப்தி தராது என்று தெரியும். எனக்கும் இதில் சங்கடம் இருக்கிறது, ஆனால் மேஸ்திரி அண்ணனின் வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

ஓமலூர்_மகன்

நான் பெங்களூரில் மென்பொருள் வேலை. அப்பா ஓமலூரில் தோட்டம். இரண்டு வருடம் முன்பு வேறொரு கருவி வாங்கி மாட்டினேன். செயலியில் நான் மோட்டார் போட்டால் போதும், அப்பா போக வேண்டியதில்லை என்று நினைத்தேன். அவர் தினமும் போகத்தான் செய்கிறார். நான் போட்டுவிட்டேன் என்று சொன்னாலும், "சரி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்" என்று செருப்பைப் போடுகிறார். உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில்: கருவி மாட்டிய பிறகும் எத்தனை முறை ஆள் நடந்து போனார் என்று எண்ணுங்கள். கட்டளை நூற்றுக்கு நூறு நிறைவேறியும் அப்பா நடக்கிறார் என்றால் என்ன பயன்?

கிணற்றடி

இதைப் படித்ததும் கூட்டாளிக்கு அழைத்தேன். பச்சைப் பொத்தானைக் கையால் அழுத்தி ஓடினால் கருவிக்கு அது தெரியும். ரிலே சொடுக்காமலே மின்னோட்டம் ஏறுகிறதே. அப்படியென்றால் கையால் போட்டது எத்தனை, கைபேசியில் போட்டது எத்தனை என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் கணக்கு எடுக்க முடியும். நாளையிலிருந்து சுவரில் எழுதப்போவது இதைத்தான்: நூறு தடவை மோட்டார் ஓடினால் அதில் கையால் போட்டது எத்தனை. அந்த எண் இறங்க வேண்டும்.

வரவு_செலவு

காசு கொடுத்தவர் எண்ணிக்கையையும் அதன் கீழே சின்ன எழுத்திலாவது எழுதுங்கள்.

---

கிணற்றடி | நான்காம் வாரம்

மழை. மோட்டார்கள் ஓடவில்லை. எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. பலகை வந்து சேர்ந்தது.

---

கிணற்றடி | ஐந்தாம் வாரம்

மழை விட்டு மூன்று நாள் வெயில் அடித்ததில் கொஞ்சம் கணக்குக் கிடைத்தது. பாதிக்கு மேல் இன்னும் கையால்தான் போடுகிறார்கள். சிரமமாகத்தான் இருக்கிறது, ஆனால் தோட்டம் தோட்டமாகப் பிரித்துப் பார்த்தால் சுவாரசியம். சிலர் கைபேசியைத் தொடுவதே இல்லை. சிலர் கையால் போடுவதே இல்லை. நடுவில் யாரும் இல்லை.

கையால் போடுபவர்களிடம் நேரில் போய்ப் பேசினோம். மூன்று காரணங்கள் வந்தன. ஒன்று, செயலி மகனின் கைபேசியில் இருக்கிறது, தந்தையிடம் பொத்தான் கைபேசி. இரண்டு, தோட்டத்தை உண்மையில் பார்த்துக்கொள்கிறவர் வேலைக்கு இருக்கும் ஆள், அவருடைய எண்ணை யாரும் கருவியில் சேர்க்கவே இல்லை. மூன்றாவதுதான் பெரியது: கைபேசி "ஓடுகிறது" என்று சொன்னால் நம்பிக்கை வருவதில்லை. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்க வேண்டும்.

எனவே இந்த வாரம் செயலியின் மேல் வேலை செய்வதை முழுவதுமாக நிறுத்திவிட்டோம். மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். ஓடி, வாட்ஸ் நிலைப்பட்ட பிறகு கருவியே திரும்ப அழைத்துத் தமிழில் சொல்லும்: "மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வருகிறது." வராவிட்டால், "மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை, நிறுத்திவிட்டேன்." குரல் கூட்டாளியின் அம்மாவுடையது. அலைபேசி நிறுவனத்தின் பதிவுக் குரல் போல இருக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தோம்.

எம்பெடெட்_சென்னை

குரல் அழைப்பு என்றால் சிம் விஷயத்தை யோசித்தீர்களா? கருவிகளுக்கென்று 13 இலக்க எண் கொண்ட எம்2எம் சிம்கள் 2018 முதல் இருக்கின்றன. மொத்தமாக வாங்கினால் நிர்வகிக்க எளிது. ஆனால் முன்கூட்டியே பதிவு செய்த எண்களோடு மட்டும்தான் அவற்றால் பேச முடியும்.

கிணற்றடி

அதனால்தான் அதை விட்டுவிட்டோம். தோட்டத்து ஆள் மாறுவார், மருமகன் வருவார், எண் மாறும். ஒவ்வொரு முறையும் நிறுவனத்துக்கு எழுதிக்கொண்டிருக்க முடியாது. விவசாயி தன் பெயரில் வாங்கிய சாதாரண சிம்மைப் போட்டுக்கொள்வார். ரீசார்ஜ் அவர் பொறுப்பு. குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உத்தரவிட்டது எங்களுக்கு வசதியாகிவிட்டது. இணையமே தேவையில்லாத கருவிக்கு டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டாம்.

தென்னந்தோப்பு

அந்த அம்மாவின் குரல் நன்றாக இருக்கிறது. என் மனைவி முதல் நாள் யாரோ அழைக்கிறார்கள் என்று பதில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வேண்டுகோள்: நிறுத்தியதற்கும் அழைக்கட்டும். போட்டது தெரிகிறது, நின்றதுதான் தெரிவதில்லை.

சோலார்_சந்தேகம்

குறுக்கே ஒரு கேள்வி. மத்திய அரசின் பிஎம் குசும் திட்டத்தில் சோலார் பம்பு போடுகிறார்களே. பகலில் மட்டும் ஓடும். ராத்திரி நடையே இல்லை. அப்போது உங்கள் கருவி?

கிணற்றடி

சோலார் பம்போடு அதற்கான கட்டுப்பாட்டுப் பெட்டியும் வந்துவிடும். அங்கே எங்களுக்கு இடமில்லை. வாரிய இணைப்பில் ஓடும் மோட்டார்களே எங்கள் வாழ்நாளுக்குப் போதும்.

---

கிணற்றடி | ஆறாம் வாரம்

காகித வாரம். அட்டைப் பெட்டியில் என்னென்ன அச்சிட வேண்டும் என்று உட்கார்ந்தோம். 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதமும் வருடமும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, புகாருக்கு அழைக்க வேண்டிய எண் எல்லாம் இருக்க வேண்டும். அழகாக வடிவமைத்த பெட்டியில் இவற்றுக்கு இடம் விட்டிருக்கவில்லை வடிவமைப்பாளர்; பாதி அழகு போயிற்று. செல்லுலார் மாட்யூலுக்குத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் சான்று இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுத் தாள் வாங்கி வைத்தாயிற்று.

சுவரில் உள்ள எண்: மிஸ்டு கால் வந்த பிறகு கையால் போடுவது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறது. பொத்தான் கைபேசி வைத்திருக்கும் தோட்டங்களில்தான் பெரிய இறக்கம்.

மென்பொருளில் ஒரு சேர்க்கை: மின்சாரம் வந்ததும் தானாக ஓடும் வசதியில் ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு நேரம் காத்திருந்து தொடங்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் மோட்டார்கள் எல்லாம் ஒரே நொடியில் எழுந்தால், ஒவ்வொன்றும் தொடக்கத்தில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிடும், ஃபியூஸ் போகும், அன்று யாருக்கும் தண்ணீர் இல்லை.

வரவு_செலவு

ஜிஎஸ்டி எடுத்துவிட்டீர்களா? விற்றுமுதல் வரம்புக்குக் கீழேதான் இருப்பீர்கள், கட்டாயமில்லை என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். கடைக்காரர் உங்களிடம் வாங்கும்போது கட்டும் 18 சதவீதத்தைத் தன் வரியில் கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரி வரவு கேட்பார். பில் இல்லாத பொருளை நல்ல கடை வாங்காது. கேரளத்துக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் பதிவு கட்டாயம். பாலக்காடு உங்களுக்குப் பக்கத்து வீடு.

தாராபுரம்_கடை

இத்தனை வாரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பம்பு, பைப், ஸ்டார்ட்டர் விற்கும் கடை என்னுடையது. நீங்கள் யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். ஜூலையில் ஸ்டார்ட்டர் யார் வாங்குவார்கள்? எனக்கு விற்பனை தை முதல் சித்திரை வரை. கிணறு வற்றும்போதுதான் மோட்டார் நினைவு வரும். கண்காட்சி முடிந்த கையோடு ஆடி பிறந்துவிடும். ஆடியில் புதுச் சரக்கு எடுக்க எனக்கே மனம் வராது, வாங்குகிறவருக்கு எப்படி வரும்? கண்காட்சியில் கூட்டம் வரும், துண்டுப் பிரசுரம் வாங்கும், பை வாங்கும். பணத்தை எடுக்காது.

லாபத்தைப் பொறுத்தவரை, விலையில் ஐந்தில் ஒரு பங்கு எனக்கு வேண்டும். அதைவிட முக்கியம், பழுது வந்தால் என் கடைக்கு வரும் ஆளிடம் அங்கேயே வேறு கருவி எடுத்துக் கொடுக்க வேண்டும். "கம்பெனிக்கு அனுப்பி இருக்கிறேன்" என்று நான் சொன்னால் அடுத்த முறை அவர் பைப் வாங்கவும் வர மாட்டார்.

எம்பெடெட்_சென்னை

வெளியீட்டைத் தள்ளிப்போடச் சொல்கிறீர்களா? புதிய நிறுவனங்கள் தள்ளிப்போட்டே செத்துப்போவதுண்டு.

தாராபுரம்_கடை

தள்ளிப்போடச் சொல்லவில்லை. யாரிடம், எப்போது விற்பது என்று கேட்கிறேன்.

ஓமலூர்_மகன்

கண்காட்சிக்கு வருபவர்களில் என்னைப் போன்ற மகன்களும் உண்டு. எனக்கு ஆடி தடையில்லை. ஆனால் நான் வாங்கினால் முன்பு போலவே செயலிக்காக வாங்குவேன், அப்பா நடப்பார். அவரே வாங்க வேண்டும், அல்லது அவர் நம்பும் வயர்மேன் சொல்ல வேண்டும்.

பேனல்_மேஸ்திரி

கடைசி வரி சரி. எங்கள் தொழிலில் விற்பவன் கடைக்காரன் இல்லை, வயர்மேன்தான்.

தாராபுரம்_கடை

அதை மறுக்கவில்லை. என் கடையில் டீ குடிக்காத வயர்மேன் தாராபுரத்தில் கிடையாது.

---

கிணற்றடி | ஏழாம் வாரம்

கூட்டாளியோடு இரண்டு நாள் வாக்குவாதம். அவர் ஜூலையிலேயே விற்க வேண்டும் என்கிறார்: அரங்கு வாடகை கட்டியாயிற்று, கையிருப்பு மார்கழி வரைதான் தாங்கும், கடன் வாங்கித் தைக்குக் காத்திருப்பது முட்டாள்தனம். அவர் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. கடைக்காரர் சொல்வதிலும் இல்லை.

முடிந்த முடிவு இதுதான். கண்காட்சியில் அரங்கு உண்டு, விற்பனை இல்லை, முன்பதிவும் இல்லை. ஒரு தொட்டி, ஒரு சின்ன மோட்டார், ஒரு பொத்தான் கைபேசி. வருபவர் மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடி, தொட்டியில் தண்ணீர் விழுந்து, அவருக்கே அழைப்பு வரும். வயர்மேன்களுக்குத் தனியாக ஒரு மேசை. பொருத்தும் முறையை அங்கேயே சொல்லிக்கொடுத்து, கிளாண்டுகளோடு ஒரு பை. அவர்களின் எண்களைத்தான் வாங்கப்போகிறோம்.

ஆவணியில் இரண்டு கடைகளில் மட்டும் நூறு கருவிகள், தாராபுரத்தில் ஒன்று, உடுமலையில் ஒன்று. அந்த நூறில் கையால் போடும் பங்கு பத்தில் ஒன்றுக்குக் கீழே வந்தால்தான் தைக்குப் பெரிய ஆர்டர் கொடுப்போம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பார்க்க நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறது. கையிருப்பு பற்றி: நான் சனி, ஞாயிறுகளில் பழைய வேலையிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செய்ய ஒத்துக்கொண்டிருக்கிறேன். கூட்டாளி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் தொட்டிக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வரவு_செலவு

நூறு கருவிகளையும் கடைக்குக் கடனில் கொடுக்காதீர்கள். பாதிப் பணமாவது முன்னால் வாங்குங்கள். தாராபுரம் நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தாராபுரம்_கடை

கோபம் இல்லை. ஐம்பதில் பத்துக்கு முழுப் பணம், மீதி விற்க விற்க. மாற்றுக்கு வைக்க ஐந்து கருவிகள் கணக்கில் சேராமல் தனியாக வேண்டும். சம்மதமா?

கிணற்றடி

பத்துக்குப் பதில் இருபதுக்கு முழுப் பணம் என்றால் மாற்றுக் கருவி ஐந்தும் தருகிறோம்.

தாராபுரம்_கடை

பதினைந்து.

கிணற்றடி

சரி, பதினைந்து.

எம்பெடெட்_சென்னை

டூ பேஸ் சுவிட்ச் எத்தனை பேர் திறந்தார்கள் என்பதையும் எண்ணுங்கள். அந்தத் தோட்டங்களில் காயில் எத்தனை போயிற்று என்பதையும். நான் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

பேனல்_மேஸ்திரி

எண்ணுங்கள் தம்பி. நானும் பார்க்க வேண்டும்.

தென்னந்தோப்பு

என் தோட்டத்தில் இருப்பது பழைய பலகைதானே? நிறுத்தியதற்கு இன்னும் அழைப்பு வருவதில்லை. மாற்றித் தருவீர்களா, அல்லது ஆவணியில் கடையில்தான் வாங்க வேண்டுமா?

கிணற்றடி

உங்களிடம் காசு வாங்கியாயிற்று. மாற்றுவது எங்கள் செலவு. வியாழக்கிழமை காலையில் புதுப் பலகையோடு வருகிறோம். உங்கள் வயர்மேனையும் இருக்கச் சொல்லுங்கள், அவர் கையாலேயே மாட்டட்டும்.